ஜனவரியில் பார்த்த கிழிசல்

"மாமா, வேனுக்கு விக்கல் எடுக்குது!"

பின் சீட்டிலிருந்து இரண்டாம் வகுப்புப் பையன் சொன்னதும் வேன் முழுக்கச் சிரிப்பு. டிரைவரும் சிரித்தார். ஆனால் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கோயில் வளைவில் வண்டியை வலது பக்கம் ஒடித்துத் திருப்பும்போதுதான் அந்தச் சத்தம். டக்... டக்... டக்... டக். வளைவு நிமிர்ந்ததும் நின்றுவிட்டது. அடுத்த வளைவில் மறுபடியும் வந்தது.

அது 2024 மே மாதம். சிவனொளிபாதமலை சீசன் முடியும் நேரம். வேனுக்கு வயது 34, ஓட்டுபவருக்கு 52.

மஸ்கெலியா டவுனிலிருந்து அவர் குடியிருக்கும் தோட்டத்தின் மேல் பிரிவுக்கு ஏழு கிலோமீட்டர். முதல் மூன்று கிலோமீட்டர் தார் ரோடு. மீதி நான்கும் தோட்டத்து ரோடு. வெள்ளைக்காரன் காலத்தில் கல் பதித்தது. நடுநடுவே கொங்கிரீட் போட்டார்கள், அதையும் மழை தின்றுவிட்டது. வெயில் காலத்தில் த்ரீவீலர் தட்டுத் தடுமாறி ஏறிவிடும். மழைக்காலத்தில் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி மட்டும்தான் ஏறும். மேல் பிரிவில் அப்படிப்பட்ட வண்டி ஒன்றே ஒன்றுதான். அதுதான் இந்த வேன்.

காலையில் பாடசாலைப் பிள்ளைகள். பிறகு கடைச் சாமான், காஸ் சிலிண்டர், கல்யாண வீட்டுக் கதிரை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை நல்லதண்ணிக்கு மலையேறப் போகிறவர்கள். இரவில் யாருக்காவது மூச்சு முட்டினால், வயிற்றுவலி வந்தால், அந்த வீட்டுக் கதவுதான் தட்டப்படும். 1990க்கு அழைத்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும்தான். ஆனால் அது தார் ரோடு முடிகிற இடத்தில் நிற்கும். அங்கே வரை கொண்டுவந்து சேர்ப்பது இந்த வேனின் வேலை.

2009ல் மனைவியின் தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்து வாங்கிய மிட்சுபிஷி டெலிக்கா. ஜப்பானில் ஓடிக் களைத்து, கப்பலேறி இலங்கைக்கு வந்தது. 'டெலிவரி கார்' என்ற இரண்டு சொற்களைச் சுருக்கித்தான் டெலிக்கா என்று பெயர் வைத்தார்களாம். 1968ல் சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டியாகப் பிறந்து, 1982ல் நான்கு சக்கர இழுவையும் சேர்ந்தது. உயரமாக நிற்கும். டீசல் என்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். நுவரெலியாக் குளிரில் அந்தச் சூடு ஒரு சுகம்.

பதினைந்து வருடத்தில் அவர் அந்த வண்டியின் எல்லாச் சத்தத்தையும் அறிந்திருந்தார். இந்த விக்கல் மட்டும் புதிது.

உண்மையைச் சொன்னால், சத்தம்தான் புதிது. காரணம் அவருக்குப் பழையது.

சீசன் முடியட்டும்

ஜனவரியில் டயர் மாற்றப் போனபோது, கடைப் பையன் முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே கை காட்டினான். "அண்ணே, இங்க பாருங்க. பூட்டு கிழிஞ்சிருக்கு. கிரீஸ் எல்லாம் வெளிய அடிச்சிருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். ரப்பர் உறையின் மடிப்பில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். சக்கரத்தின் உட்பக்கத்தில் கருப்பாகக் கிரீஸ் சிதறியிருந்தது.

முன் சக்கரத்துக்கு என்ஜினின் இழுவையைக் கொண்டுபோகிற இரும்புத் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. முன் சக்கரம் சும்மா சுற்றினால் மட்டும் போதாது. குழியில் விழுந்தால் மேலும் கீழும் ஆட வேண்டும், வளைவில் இடமும் வலமும் திரும்ப வேண்டும். அத்தனையும் செய்தபடியே இழுக்கவும் வேண்டும். அதற்காகத் தண்டின் இரண்டு முனையிலும் ஒரு மூட்டு இருக்கும். நமது முழங்கால் மூட்டு மாதிரி. அந்த மூட்டுக்குள் கிரீஸ் நிறைந்திருக்கும். கிரீஸ் வெளியே போகாமலும், மண்ணும் தண்ணீரும் உள்ளே வராமலும் காப்பது துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கிற அந்த ரப்பர் உறைதான்.

உறை கிழிந்தால் வண்டி அன்றைக்கே நின்றுவிடாது. அதுதான் அதில் உள்ள ஆபத்து. சக்கரம் சுற்றும் வேகத்தில் கிரீஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அடிக்கும். அதே கிழிசல் வழியாகச் சேறு உள்ளே போகும். மிச்சமிருக்கிற கிரீஸோடு மணல் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி. ஒவ்வொரு சுற்றிலும் இரும்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

ஜனவரியில் அந்த உறை, கிளிப், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்தாலும் நல்லதண்ணிக்குப் போய்வரும் ஒரு ட்ரிப்பில் மிஞ்சும் காசுதான். ஆனால் வேலைக்கு ஒரு நாள் வேண்டும். சீசனில் ஒரு நாளை விட அவருக்கு மனம் வரவில்லை.

"சீசன் முடியட்டும் தம்பி, பாத்துக்கலாம்" என்றார்.

நானா சொன்னது

விக்கல் சத்தம் கேட்ட மறுநாள் டவுனில் உள்ள கராஜுக்குப் போனார். கராஜ்காரர் எழுபதை நெருங்கும் முஸ்லிம் பெரியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா.

நானா வண்டிக்கு அடியில் போகவில்லை. "முன் சக்கரத்து ஹப்ப ரெண்டையும் ஃப்ரீ பண்ணிட்டு, இந்த ரோட்டுல ஒரு வட்டம் போட்டுட்டு வாங்க தம்பி" என்றார்.

பழைய நான்கு சக்கர இழுவை வண்டிகளில் முன் சக்கரத்தின் நடுவே கையால் திருகுகிற ஒரு குமிழ் இருக்கும். 'லாக்' என்று வைத்தால் சக்கரமும் ஷாஃப்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். 'ஃப்ரீ' என்று வைத்தால் சக்கரம் தனியாகச் சுற்றும், ஷாஃப்ட் சும்மா நிற்கும். அவர் வட்டம் போட்டார். சத்தம் இல்லை. லாக் செய்து, நான்கு சக்கரத்தில் போட்டு, கராஜுக்குப் பின்னால் இருக்கும் மண் மேட்டில் வலது பக்கம் ஒடித்தார். டக், டக், டக்.

"வீல் பேரிங் இல்ல. ஷாஃப்டுதான். வலது பக்கம் ஒடிக்கும்போது சத்தம் வருதுன்னா, பாரம் எடுக்குற இடது பக்கத்து வெளி மூட்டு" என்றார் நானா. பிறகு ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, ஷாஃப்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகிக் காட்டினார். சக்கரம் அசையாமல் நிற்க, ஷாஃப்ட் மட்டும் கொஞ்சம் ஆடியது. ஆடக்கூடாத ஆட்டம்.

"இப்ப உறைய மாத்தி புது கிரீஸ் வெச்சா சரியாகுமா நானா?"

"ஜனவரில கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். சத்தம் வந்துட்டா உள்ள குண்டும் ஓடுற தடமும் தேஞ்சாச்சுன்னு அர்த்தம். புது கிரீஸ் வெச்சா கொஞ்ச நாளைக்கு சத்தத்த மறைக்கும். தேஞ்ச இரும்பு வளராது."

மூன்று வழி இருப்பதாகச் சொன்னார். வெளி மூட்டை மட்டும் புதிதாக வாங்கிப் போடலாம். பொருத்தமானது கிடைக்க வேண்டும். முழு ஷாஃப்டும் புதிதாக வாங்கலாம். அது இந்த வயது வண்டிக்குக் கட்டாது. மூன்றாவது, கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய் நல்ல ரீகண்டிஷன் ஷாஃப்டாகப் பார்த்து எடுத்து வருவது. எந்த வழியென்றாலும் ஜனவரிச் செலவைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு ஆகும்.

"அதுவரைக்கும் ஹப்ப ஃப்ரீல வெச்சு ரெண்டு சக்கரத்துல ஓட்டுங்க. அந்த மூட்டுக்கு பாரம் இருக்காது. ஆனா மழைக்கு முன்னால மாத்திடுங்க தம்பி."

வீட்டில் இளைய மகளின் உயர்தரப் பரீட்சை வகுப்புக் காசு கட்ட வேண்டியிருந்தது. மே மாதம் இன்னும் வெயில் மிச்சமிருந்தது. பின் சக்கரம் இரண்டும் மட்டுமே இழுக்க, வேன் மேல் பிரிவுக்கு எப்படியோ ஏறிக்கொண்டிருந்தது. விக்கலும் இல்லை. பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். அவரும் மறக்கப் பார்த்தார்.

குளவி கலைந்த நாள்

ஜூன் மாதம் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டது. மலையின் இந்தப் பக்கத்துக்குத்தான் அந்த மழை முழுசாக வந்து விழும். மவுசாகலை நீர்த்தேக்கம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு மனைவியின் போன். அவர் கொழுந்து பறிப்பவர். பின்னால் பெண்களின் அலறல் கேட்டது.

"குளவி கலைஞ்சிருச்சு. ஏழு பேருக்குக் கொட்டிருச்சு. ஒருத்திக்கு மூஞ்சி எல்லாம் வீங்கிப் போச்சு, மூச்சு இழுக்குது. வேனைக் கொண்டாங்க."

தேயிலைத் தோட்டத்தில் குளவிக்கொட்டு என்பது ஏதோ சின்ன விஷயமில்லை. நிழல் மரத்திலோ தேயிலைச் செடிக்குள்ளோ கூடு இருக்கும். ஒரு கை பட்டால் போதும், முழுக்கூடும் கிளம்பிவிடும். நிறைய கொட்டினாலும், உடம்புக்கு ஒவ்வாவிட்டாலும் உயிருக்கே ஆபத்து. நேரம்தான் முக்கியம்.

அவர் டவுனிலிருந்து கிளம்பினார். தோட்டத்தில் இருந்து ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டார்கள். தார் ரோடு முடியும் இடத்தில் இறங்கி, மழையில் குனிந்து இரண்டு ஹப்பையும் லாக் செய்தார். வேறு வழியில்லை. அந்தச் சேற்றில் இரண்டு சக்கரத்தில் ஏற முடியாது. நான்கு சக்கரத்தில் போட்டு, மெதுவான கியரில் ஏற்றினார். முதல் வளைவில் விக்கல். இரண்டாவது வளைவில் அது அடியாக மாறியது. கோயில் வளைவில் வலது பக்கம் ஒடித்தபோது 'டமார்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு சத்தமே இல்லை. முன் சக்கரம் இழுக்கவில்லை.

மூட்டு உடைந்துவிட்டது. முன்பக்கத்தில் ஒரு ஷாஃப்ட் உடைந்தால் இழுவை முழுக்க அந்த உடைந்த பக்கமே வீணாகப் போய்விடும். மற்ற முன் சக்கரமும் இழுக்காது. பின் சக்கரம் சேற்றில் சுழன்று, வண்டியின் பின்பக்கம் காணுக்குள் சரியத் தொடங்கியது. பிரேக்கை மிதித்து நிறுத்தினார். லிவரை இரண்டு சக்கரத்துக்குத் தள்ளி, இறங்கி ஹப்பை ஃப்ரீ செய்து, கல்லும் சாக்கும் போட்டுப் பார்த்தார். ஏறவில்லை.

மேலே இன்னும் முக்கால் கிலோமீட்டர் இருந்தது.

கடைசியில் ஆட்கள்தான் சுமந்து வந்தார்கள். கம்பளியில் வைத்து இரண்டு பேரை. முதுகில் தூக்கி ஒருத்தியை. மற்றவர்கள் படங்கால் தலையை மூடிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடந்து வந்தார்கள். முகம் வீங்கியவளைத் தாங்கிக்கொண்டு வந்தது அவருடைய மனைவி. மழையில் வேன் சரிந்து நிற்பதையும், அவர் சேற்றில் முழங்காலிட்டுக் கல் வைத்துக்கொண்டிருப்பதையும் மனைவி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வேன் கதவைத் திறந்து அவளை உள்ளே படுக்க வைத்தார்.

இறக்கத்தில் வண்டி வந்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஏழு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆறு பேர் அன்று மாலையே வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி மட்டும் வைத்தியசாலையில் மூன்று நாள் இருந்தாள்.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. "ரோடு அப்படி, என்ன செய்ய" என்றார்கள். "பழைய வண்டிதானே" என்றார்கள். ரோடும் இல்லை, வண்டியின் வயதும் இல்லை என்று அவருக்கு மட்டும் தெரியும். ஒரு சுண்டுவிரல் நீளக் கிழிசல். ஜனவரியில் கண்ணால் பார்த்தது.

அன்றிரவு மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டது ஒரே கேள்வி. "அந்த டயர் கடைப் பையன் சொன்னானே, அதுதானா?"

"அதுதான்."

விற்பதா, வைத்திருப்பதா

அடுத்த நாள் டவுனிலிருந்து ஒரு புரோக்கர் வந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து, இலங்கையில் பழைய வண்டிக்கும் தங்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போயிருந்தது. "ஷாஃப்ட் உடைஞ்சதெல்லாம் பரவாயில்ல. அப்படியே எடுத்துக்குறேன். இறக்குமதியைத் திறந்துட்டா இந்த விலை கிடைக்காது, யோசிங்க" என்றார். அவர் சொன்ன தொகை, 2009ல் வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மூத்த மகள் போனில் சொன்னாள்: "வித்துடுங்கப்பா. ஒரு த்ரீவீலர் வாங்குங்க. மிச்சத்தை பேங்க்ல போடுங்க. இந்த வயசுல மழையில வண்டிக்கு அடியில படுக்கணுமா?"

நியாயமான பேச்சுதான். அவர் இரண்டு நாள் யோசித்தார். அந்த இரண்டு நாளும் பாடசாலைப் பிள்ளைகள் குடை பிடித்து நான்கு கிலோமீட்டர் நடந்து இறங்கினார்கள். தார் ரோட்டில் அவர்களின் சப்பாத்து சேறாக இருந்தது. விக்கல் என்று சொன்ன பையன், காணோரம் சாய்த்து நிறுத்தியிருந்த வேனைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் மனைவி ஒரு கவரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சீட்டுக் காசு. தன் முறை வருவதற்கு முன்னால், வேறொருத்தியிடம் கேட்டு மாற்றி வாங்கியிருந்தார்.

"வண்டியை விக்கிறதுன்னா வித்துடுங்க. அது உங்க இஷ்டம். ஆனா மலையில இருக்குற பொம்பளைங்ககிட்ட நீங்களே சொல்லிட்டு விக்கணும்."

பஞ்சிகாவத்தையில் பல் எண்ணியது

உடைந்த ஷாஃப்டை நானா கழற்றித் துடைத்துச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு தாளும் கொடுத்தார். அதில் வண்டியின் சேசிஸ் எண், ஷாஃப்டின் நீளம், இரண்டு முனையிலும் உள்ள பற்களின் எண்ணிக்கை, எண்ணெய் சீல் உட்காரும் இடத்தின் அகலம் எல்லாம் எழுதியிருந்தது. நீளத்துக்கு ஒரு சணல் கயிற்றில் இரண்டு முடிச்சு வேறு போட்டுக் கொடுத்தார்.

"பேரச் சொன்னா அவங்க எதையாவது குடுப்பாங்க. நீங்க பல்ல எண்ணுங்க."

விடியற்காலை ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தார். மருதானைக்குப் பக்கத்தில் இருக்கிற பஞ்சிகாவத்தை முழுக்க வாகன உதிரிப்பாகக் கடைகள்தான். கூரை வரை கியர்பெட்டி அடுக்கியிருக்கும். கதவுகள் சுவரில் தொங்கும். எண்ணெய் வாசம் உடுப்பில் ஏறிவிடும்.

முதல் கடையில் எடுத்துக் கொடுத்தது பார்வைக்கு அச்சு அசல் அதேதான். எண்ணினார். மூன்று பல் வித்தியாசம். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றார் சிங்களத்தில். அவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

இரண்டாவது கடையில் பல்லும் சரி, கயிற்று முடிச்சும் சரி. புதிதாகக் கருப்புச் சாயம் அடித்துப் பளபளவென்று இருந்தது. நானா சொல்லிக் கொடுத்தபடி, உறையின் கிளிப்பைக் கழற்றிக் காட்டச் சொன்னார். உள்ளே கிரீஸ் தண்ணீர் கலந்து பால் போலத் திரிந்திருந்தது. ஓரத்தில் துரு.

மூன்றாவது கடையில் ஒரு வயதானவர் இருந்தார். கேட்பதற்கு முன்னாலேயே உறையை விலக்கிக் காட்டினார். கிரீஸ் கருப்பாக இருந்தது. கருப்பு என்பதால் கெட்டது என்று அர்த்தமில்லை. இந்த மூட்டுக்கு வைக்கும் கிரீஸில் மொலிப்டினம் கலந்திருக்கும். நிறமே அப்படித்தான். அவர் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கிடையே தேய்த்தார். மணல் தட்டுப்படவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரும்புப் பொடி மின்னவில்லை. மூட்டை மடக்கி மெதுவாகச் சுற்றினார். எங்கும் இடறவில்லை. ஒரு முனையைப் பிடித்துத் திருகினார். ஆட்டமில்லை.

புது உறை இரண்டு, கிளிப், ஒரு எண்ணெய் சீல், இரண்டு குழாய் கிரீஸ் எல்லாம் சேர்த்து வாங்கினார். சீட்டுக் காசில் பஸ்ஸுக்கும் ஒரு பிளேன்டீக்கும்தான் மிஞ்சியது.

மகள் பிடித்த டோர்ச்

ஞாயிற்றுக்கிழமை கராஜில் வேலை. இளைய மகளும் வந்தாள். அவள் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு மாணவி. டோர்ச் பிடிக்கிற வேலை அவளுக்கு.

சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்தார்கள். சக்கரம், ஹப், பிறகு ஷாஃப்டின் நுனியில் இருந்த வளையப் பூட்டு எல்லாம் உடைந்ததைக் கழற்றும்போதே எடுத்தாகிவிட்டது. இப்போது டிஃபரன்ஷியலில் பழைய எண்ணெய் சீலை நெம்பி எடுத்துவிட்டு, புதியதை மட்டமாகத் தட்டி இறக்கினார் நானா. கொழும்பு ஷாஃப்டின் மூட்டுகளைக் கழுவி, காயவைத்து, புது கிரீஸைக் குண்டுகளுக்கிடையே விரலால் அழுத்தி நிரப்பி, புது உறையை மாட்டிக் கிளிப் போட்டார்.

"ஷாஃப்ட உள்ள விடும்போது நேரா விடணும். சாஞ்சா பல்லு புது சீலக் கிழிச்சிடும். அப்புறம் எண்ணெய் ஒழுகும், நானாதான் சரியில்லம்பீங்க" என்றார்.

மகள் உடைந்த மூட்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு எஃகுக் குண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. குண்டுகளைத் தாங்கும் கூடு இரண்டாகப் பிளந்திருந்தது. குண்டு ஓடும் தடத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள்.

"ஏன் நானா, பின்னால போற நீளத் தண்டுல சிலுவை மாதிரி ஒரு ஜொயின்ட்தானே இருக்கு? முன்னாலயும் அதையே போட்டா என்ன?"

நானா சிரித்தார். "நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு."

அவள் யோசித்துச் சொன்னாள். சிலுவை மூட்டை மடக்கிச் சுற்றினால், உள்ளே ஒரே வேகத்தில் சுற்றினாலும் வெளியே வேகம் கூடிக் குறையும். ஒரு சுற்றுக்கு இரண்டு தரம். கொஞ்சமாக மடங்குகிற பின்பக்கத் தண்டில் முன்னும் பின்னுமாக இரண்டு மூட்டுகளை வைத்து அதைச் சமாளித்துவிடலாம். ஆனால் முன் சக்கரம் நன்றாக மடங்கும். அப்போது ஸ்டியரிங்கே உதறும். அதனால்தான் இந்தக் குண்டு மூட்டு. எவ்வளவு மடக்கினாலும் ஆறு குண்டும் அந்தக் கோணத்தின் சரி நடுவில் போய் நின்றுகொள்ளும். வேகம் மாறாது. 1920களில் ஆல்ஃபிரட் ரெசெப்பா என்ற பொறியியலாளர் கண்டுபிடித்தது. 1959ல் வந்த மினி காருக்குப் பிறகுதான் அது சாதாரண வண்டிகளுக்கெல்லாம் பரவியது.

"பாத்தீங்களா தம்பி, இத்தன வருஷமா நான் கழட்டி மாட்டுறேன், காரணம் உங்க மக சொல்லித்தான் கேக்குறேன்" என்றார் நானா. டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். உடைந்த மூட்டை மகளிடமே கொடுத்து, "வகுப்புக்குக் கொண்டு போ" என்றார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு வேலை முடிந்தது. குறைந்த எண்ணெயை நிரப்பி, எல்லா நட்டையும் மறுபடி ஒரு தரம் இறுக்கி, ஹப்பை லாக் செய்து மண் மேட்டில் ஏற்றினார். வலது பக்கம் ஒடித்தார். ஜன்னலை இறக்கிக் காதைக் கொடுத்தார். என்ஜின் சத்தமும் டயருக்கடியில் கல் நொறுங்கும் சத்தமும் மட்டும்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் ஏறினார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் கோயில் வளைவு வரும் வரை பேசாமல் காத்திருந்தான். தாண்டியதும் ஏமாற்றமாக, "விக்கல் நின்னுருச்சு" என்றான்.

மகள் ஒரு தாளில் எழுதி, டிரைவர் பக்கக் கதவின் உட்புறத்தில் ஒட்டினாள்.

ஞாயிறுதோறும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நான்கு உறைகளின் மடிப்பையும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளைவில் டக் டக் என்றால் வெளி மூட்டு. நேராக ஏறும்போது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி உதறினால் உள் மூட்டாக இருக்கலாம். தார் ரோட்டில் நான்கு சக்கரத்தில் ஓட்டக்கூடாது. முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி, ஷாஃப்டுக்கும் கியருக்கும்தான் கேடு. கிழிசல் கண்டால் அந்த வாரமே மாற்ற வேண்டும்.

கடைசி வரிக்குக் கீழே அவள் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

2025 ஜனவரி. மறுபடியும் சீசன். நல்லதண்ணியில் கூட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்ச் அடித்துப் பார்த்தபோது, வலது பக்க உறையின் மடிப்பில் மெல்லிய வெடிப்பு ஒன்று தெரிந்தது. இன்னும் கிழியவில்லை. கிரீஸ் சிதறவில்லை. விரலால் விரித்தால்தான் தெரிந்தது.

மறுநாளைக்கு இரண்டு ட்ரிப் பேசியிருந்தது. அவர் போனை எடுத்து இரண்டு பேருக்கும் வேறு வண்டி சொல்லிவிட்டார். பிறகு நானாவுக்கு அழைத்தார்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நாளைக்கு ட்ரிப் இல்லையா?"

"இல்ல. பூட்டு மாத்தணும்."

மனைவி திரும்பி அடுப்பைப் பார்க்கப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலேயே ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.